ஆட்டம் வாத்தியார் துக்கம் கேட்கப் போனது

செட்டிநாட்டுச் சீமையிலேயே மரத்திலிருந்து இலை உதிர்வதைப் பார்த்து அழுத மனிதர் எங்கள் ஆட்டம் வாத்தியார் ஒருவர்தான். சலங்கையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் இங்கிலீஷ் வாத்தியார். இலையுதிர் காலத்துக்கு அந்தப் பாஷையில் 'ஆட்டம்' என்று பெயராம். எந்தப் பாடம் எடுத்தாலும் அதைப் பற்றிய பாட்டில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

நம் பக்கத்தில் வெயில், கடும் வெயில் என்று இரண்டே பருவம். அவரோ புரட்டாசி பிறந்ததும் கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்வார். வியர்வை ஆறாக ஓடும். "உலகமே சாகத் தயாராகுது சார்" என்பார், கணக்கு வாத்தியாரான என்னிடம்.

மாசியில் பள்ளிக்கூடத்து வேம்பு உதிர ஆரம்பித்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பெருக்க வரும் கருப்பாயியை மறித்து, "கூட்டாதே, அதெல்லாம் செத்துப்போன உயிர்" என்பார்.

"குப்பையக் கூட்டாம, கும்பிடவா சாமி?" என்பாள் அவள்.

அந்த மாசியில்தான் பள்ளிக்கூடத்தை நடத்திவந்த செட்டியாரின் மனைவி காலமானார். அன்றிலிருந்து செட்டியார் வாய் திறக்கவில்லை. கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டார். வாத்தியார்கள் எல்லோரும் துக்கம் கேட்கப் போனோம். "நீங்க மட்டும் எதுவும் பேசிடாதீங்க" என்று ஆட்டம் வாத்தியாரிடம் வழியெல்லாம் கெஞ்சினேன். சரி என்றவர், உட்கார்ந்த உடனே ஆரம்பித்தார்.

"கவலைப்படாதீங்க செட்டியாரே. ஆச்சி பழுத்த இலை, உதிர்ந்துட்டாங்க. இயற்கை சும்மா இருக்காது. பங்குனிக்குள்ள புதுசா ஒண்ணு துளிர்த்து வந்துரும்!"

மூத்த மகன் துள்ளி எழுந்தார். "ஆத்தா போயி ஈரங்கூடக் காயலை. அப்பச்சிக்குப் பொண்ணு பேசவா வந்தீக?"

"பொண்ணா? நான் ஆட்டத்தைப் பத்தியில்ல சொன்னேன்!"

"எழவு வீட்டுல ஆட்டமா!"

அவர் வேலை போயிற்று என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. செட்டியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "அவ இருந்து இதக் கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா" என்றார். சொல்லும்போதே சிரிப்பு அழுகையாகிவிட்டது. மகன் உட்கார்ந்துவிட்டார்.

அழுது ஓய்ந்து, தாமாகவே கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார் செட்டியார். "வாத்தியாரே, நாளைக்கு வந்து அந்த இலைப் பாட்டைப் படிங்க."

"இங்கிலீஷ் ஆச்சே?"

"இருக்கட்டும். நீங்க அழுவீகல்ல? எனக்குத் துணையா இருக்கும்."

அப்புறம் சாயங்காலந்தோறும் வாத்தியார் படிப்பார். இருவரும் சேர்ந்து அழுவார்கள். எனக்கும் அதில் ஓர் எழுத்துகூடப் புரியாது. 'அந்த மனுஷன் மறுபடி ஏதாவது உளறிவிடுவார், பக்கத்தில் ஆள் வேண்டும்' என்று வீட்டில் சாக்குச் சொல்லிவிட்டு நானும் போய்விடுவேன். அந்தக் குரலைக் கேட்காமல் எனக்குச் சாயங்காலம் போகவில்லை.