சுழல் நாற்காலிக் கிரேன்

கிரேனே இல்லாமல் கிரேனுக்குச் சைகை காட்டக் கற்றுத்தரும் உலகின் தலைசிறந்த மையம் சிங்கப்பூரில், எங்கள் துவாஸில்தான் இருக்கிறது என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். அங்கே முதல் வகுப்பில் தேறியவன் நான்.

கிரேனுக்குப் பதில் ஒரு சுழல் நாற்காலி. பயிற்றுநர் கோ பெங் ஹுவாட் அதில் அமர்ந்து கையை நீட்டிக்கொள்வார். விரலில் தேநீர்க் கோப்பை தொங்கும். நாங்கள் சைகை காட்டினால் அவர் சுழல்வார். ‘சுமை’ சிந்தினால் மதிப்பெண் குறையும்.

“நெசக் கிரேன் எப்ப சார் காட்டுவீங்க?” என்றான் என்னோடு படித்த ஹஸ்னுல்.

“அது ஆபத்துலா. பாதுகாப்பு முக்கியம்.”

ஹஸ்னுலுக்கு அவசரம். கப்பல் பட்டறையில் சைகைக்காரர் வேலை ஒன்று காலி. வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் நீட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். மதியச் சாப்பாடான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டுக் கையை வீசிப் பழகுவான்.

வெள்ளிக்கிழமை சான்றளிப்பு விழா. புகைப்படத்துக்காக நிஜக் கிரேனே வந்துவிட்டது. ஓட்டுநர் சியூ லான் அக்கா, அந்தக் கப்பல் பட்டறையிலேயே முப்பது வருடமாக ஓட்டுபவர். பதாகை கட்டிய கான்கிரீட் கட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஆரஞ்சு மேலங்கி போட்டவர் கைதான் அவருக்குக் கட்டளை. நிறுத்தச் சொல்லும் சைகையை மட்டும் யார் காட்டினாலும் கேட்பார்.

படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று அந்த மேலங்கியை மாட்டிக்கொண்டு மேடையேறினார் எங்கள் இயக்குநர்.

“நம்ம மையம் இன்னும் மேல மேல போவணும்!” என்று விரலை உயர்த்திச் சுழற்றினார். கட்டை மேலே போனது.

“அதுக்குக் காரணம், அதோ அந்தக் கூடாரத்துல இருக்கற மாணவருங்க!” என்று கையை நீட்டினார். கட்டை கூடாரத்துக்கு மேலே வந்தது. துணிக்கு அடியில் ஆள் இருப்பது அக்கா கண்ணில் படாது. நாங்கள் அலறி எழுந்தோம்.

“உக்காருங்க, உக்காருங்க!” என்று விரலைக் கீழே காட்டிச் சுழற்றினார். கட்டை இறங்கியது.

நிறுத்தும் சைகை தெரிந்தவர்கள் அங்கே அறுபது பேர். ஆனாலும் இயக்குநர் பேசும்போது குறுக்கே கை வீசுவது மரியாதையா? ஹஸ்னுல் ஒருவன்தான் வெளியே பாய்ந்து இரண்டு கைகளையும் விரித்து வீசினான். கட்டை துணியை உரசி நின்றது.

அன்று மாலையே விசாரணைக் குழு ‘ஆழ்ந்து பரிசீலித்தது’. சான்றிதழ் பெறுமுன் சைகை காட்டியது, உரைக்கு இடையூறு செய்தது ஆகிய குற்றங்களுக்காக ஹஸ்னுல் தோல்வி.

“யார் வேணாலும் நிறுத்தலாம்னு பொஸ்தகத்துலயே இருக்கே சார்!”

“இருக்குப்பா. அது பரீட்சைக்கு,” என்றார் கோ.

பட்டறை வேலை எனக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை சான்றிதழோடு போய் நின்றேன். மேலேயிருந்து எட்டிப் பார்த்தார் சியூ லான் அக்கா.

“கைய வீசுனானே, அந்தப் பய எங்கடா?”

“ஃபெயிலுக்கா.”

“நீ அன்னிக்கு என்ன செஞ்ச?”

“உக்காரச் சொன்னாங்க. உக்காந்துட்டேன்.”

அக்கா இயந்திரத்தை அணைத்தார். “அவன் வராம நான் லீவரத் தொடமாட்டேன். போய்க் கூட்டியா!”

பட்டறைக்காரர்கள் ஹஸ்னுலைக் கிரேன் இருக்கிற வேறொரு மையத்துக்கு அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் தேறி வந்தான். இப்போது அவன் கையை நீட்டினால்தான் அங்கே எதுவும் அசையும். அவனை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

வேலை போய்த் திரும்பிய என்னை, என் ஒழுக்கத்தை மெச்சி எங்கள் மையம் பயிற்றுநராக்கிக்கொண்டது. அதே சுழல் நாற்காலியில், விரலில் கோப்பையோடு, அன்று சொன்னபடியே இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.