இடது கதவுத் தாங்கி விஷயமாக

அல்லிநகரம், தேனி
9.9.2007

பெங்களூரில் சகல வசதிகளோடும் ஓயாத மீட்டிங்குகளோடும் விளங்கும் மாப்பிள்ளை திரு. பேச்சிமுத்து அவர்களுக்கு, அக்காள் வீட்டுக்காரன் சுருளிவேல் எழுதிக்கொள்வது. நான், உங்கள் அக்காள் பவுனு, உங்கள் ஃபைபர் கார் ஆகிய மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் இருவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்பதால் மூன்றாவதைப் பற்றி மட்டும் விவரமாக எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்ததுமே "சொல்லுங்க மச்சான், சுருக்கமா" என்கிறீர்கள். இது சுருக்கமாகச் சொல்கிற சங்கதி இல்லை. கடிதத்தை நடுவில் கட் பண்ணவும் முடியாது. கிழிக்கலாம், அது உங்கள் இஷ்டம்.

அந்தக் காரை எங்கள் கொட்டகையில் விட்டுப் போனபோது, ரெண்டு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். அப்போது என் தலையில் முடி இருந்தது. தகரம் இல்லை, ஃபைபர், ஆயுசுக்கும் துருப் பிடிக்காது என்று தெருவையே கூப்பிட்டுத் தட்டிக் காட்டினீர்கள். முதன்முதலாக உங்கள் அக்காளை இடது சீட்டில் உட்காரவைத்து வீரபாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனதும் அந்தக் காரில்தான். அதற்கப்புறம் கார் நகரவில்லை, நீங்களும் வரவில்லை. அவள் வருஷா வருஷம், கொட்டகை வாசலில் வெயில் விழுகிற அதன் பானட்டின்மேல் மோர்மிளகாயும் கூழ்வத்தலும் காயப் போட்டாள், மறுபடி துடைத்து வைத்தாள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக மதுரையில் அவள் படுத்துக் கிடந்தபோது வருவீர்கள் என்று பார்த்தோம். கூரியரில் பழக்கூடை வந்தது. வரவேண்டியவர் வராமல் வந்த ஆப்பிளை என்ன செய்வதென்று தெரியாமல் நர்சுகளுக்குக் கொடுத்துவிட்டோம். இந்த ஆனி மாதம் திடீரென்று உங்களுக்கு ஊர் ஞாபகம் வந்தது, அதாவது கார் ஞாபகம் வந்தது. பழைய கார்க்காரர்கள் கிளப்பில் சேர்ந்திருக்கிறீர்களாம், டிசம்பரில் ஊர்வலமாம், இந்த ரகத்தில் ஓடுகிற கார் நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியதுதானாம். இடது கதவு மட்டும் தொங்கும், அதைச் சரிசெய்து வையுங்கள், லாரி அனுப்புகிறேன் என்றீர்கள். போனை வைத்ததும் பவுனு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பி வாரானா, லாரி மட்டும் வருதா?"

லாரி என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகு உங்களிடமிருந்து இண்டர்நெட்டில் எடுத்த இங்கிலீஷ் காகிதங்கள் வந்தன. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கம்பத்துக்கும் தூணுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான். கதவின் கீல் மாட்டியிருக்கிற ஃபைபர் தூணுக்குள்ளே ஓர் இரும்புத் தாங்கி இருக்கிறது, அது துருப்பிடித்து இற்றுப்போனதால்தான் கதவு தொங்குகிறது, பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய தாங்கியைப் பசை வைத்து ஒட்டவேண்டும், வெல்டிங் கூடவே கூடாது என்று படித்துப் புரிந்துகொண்டேன். ஆயுசுக்கும் துருப் பிடிக்காத காருக்குள்ளே துருப்பிடிக்கிற இரும்பை ஒளித்து வைத்தவன் யார் என்பதற்கு மட்டும் அந்தக் காகிதங்களில் பதில் இல்லை. உத்தமபாளையத்திலிருந்து வெல்டர் அப்சலை வரவழைத்தேன். நல்ல பையன், கை சுத்தம். அவன் கார் முழுவதையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, பசையால் கதவு நிற்கும் என்று எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டான். "இது வண்டி இல்லண்ணே, தண்ணித் தொட்டி. ஒங்க மச்சினன் தெரிஞ்சுதான் அனுப்பிருக்காகளா?" என்றான். பசை போடுவது அப்புறம் இருக்கட்டும், பழைய இரும்பை மட்டும் கேஸ் கட்டரால் அறுத்துத் தந்துவிடுகிறேன் என்றான். காகிதத்தில் வெல்டிங் கூடாது என்றுதானே இருக்கிறது, அறுப்பது கூடாதென்று இல்லையே என்று நானும் சரியென்றேன். இரும்பு அறுபட்டது, வாஸ்தவம். கூடவே தூணும் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை. தெருவே இருமியது. பவுனு மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்ப் பானையைத் தூக்கிவந்து அப்படியே ஊற்றினாள். அணைந்தது. அறுத்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை, சீட்டெல்லாம் புளித்த நாற்றம். ஊர்வலத்தில் அந்த வாசனையையும் சேர்த்துக் காட்டிக்கொள்ளுங்கள்.

ஃபைபர் வேலை தெரிந்தவர் தேனிச் சீமையில் இல்லையா என்று விசாரித்ததில், மலைக்கு மேலே குமுளியில் ஏசுதாசன் என்று ஒருத்தர் இருக்கிறார், ஏரியில் ஓடுகிற ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப்போடுகிறவர் என்றார்கள். போய்க் கூட்டிவந்தேன். அவர் பேசுவதில் பாதி மலையாளம், மீதி முணுமுணுப்பு. ஆனால் வேலைக்காரர்தான். கரிந்ததையெல்லாம் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓட்டைக்கு ஃபைபர் துணி வைத்து ரெசின் பசை பூசி, அப்சல் அடித்துக் கொடுத்த புதிய தாங்கியை உள்ளே வைத்து ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, நாளைச் சாயங்காலம்வரை காற்றுகூட மேலே படக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகிறவர் சும்மா போகவில்லை. காரின் அடியில் தண்ணீர் வடிவதற்காக இருந்த துளைகளைப் பார்த்திருக்கிறார். மிச்சமிருந்த ரெசினை வீணாக்காமல் அத்தனையையும் அடைத்துவிட்டார். கேட்டால், "ஓட்டையோட விட்டா என் பேரு போயிரும் சேட்டா" என்றார். அவருக்கு எல்லாமே போட்டுதான்.

இனிமேல்தான் நான் சொல்லவந்ததே. மறுநாள் ஆனி மாதத்தின் கடைசி நாள். அதற்கு மறுநாள் ஆடி. இத்தனை வருஷம் கொட்டகையில் கிடந்த வண்டியை ஆடியில் வெளியே எடுப்பார்களா? வேறு யாராவது எடுக்கலாம், உங்கள் அக்காள் எடுக்கவிடமாட்டாள். காலண்டரைப் பார்த்தால் கடைசி நல்ல நேரம் காலையிலேயே முடிகிறது. சாயங்காலம்வரை பொறுத்தால் பசை காயும், ஆனால் நேரம் போய்விடும். நேரத்தை விட்டால் ஒரு மாதம் காத்திருக்கவேண்டும், அதற்குள் நீங்கள் லாரி அனுப்பிவிடுவீர்கள். பசைக்கு நேரம் காலம் தெரியுமா என்று நான் கேட்டுப் பார்த்தேன். கேட்டேனே தவிர, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். கிளாம்பைக் கழற்றியதும் நான்தான். தெருக்காரர்கள் தள்ள, நல்ல நேரத்தில் கார் வெளியே வந்தது. தம்பி என்னை உட்காரவைத்த இடம் என்று சொல்லி பவுனு இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் மரியாதையாகக் கதவைச் சாத்தினேன். தூணுக்குள்ளே ஏதோ மெதுவாக வழுக்கிய சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கதவு திறக்கவில்லை.

வெயில் ஏற ஏற உள்ளே நகர்ந்த தாங்கி நகர்ந்த இடத்திலேயே இறுகிக்கொண்டது. டிரைவர் பக்கமாக வா என்றால், ஆபரேஷன் ஆன வயிற்றோடு கியர் கம்பியைத் தாண்ட அவளால் முடியவில்லை. அப்சலுக்குப் போன் போட்டேன். அவன் பஸ் பிடித்து வரும்வரை அவள் காருக்குள்ளேயே இருந்தாள். ஜன்னல் வழியாகக் காப்பி கொடுத்தேன். பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் வந்து அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விசிறினாள். கோபப்படுவாள், திட்டுவாள் என்று நானும் தயாராக நின்றேன். அவளோ காப்பி டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, "இருக்கட்டும்ங்க. இங்கன உக்காந்திருந்தா நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்சல் வந்து டிரைவர் சீட்டையே கழற்றி வெளியே வைத்து, அந்த வழியாக அவளை இறக்கினான். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பசைமேல் இல்லை, ஏசுதாசன்மேல் இல்லை, உங்கள்மேல்தான்.

ஆடி பிறந்ததும் சாரலும் பிறந்தது. காரைத் திரும்பக் கொட்டகைக்குள் தள்ள ஆள் சேரவில்லை, வாசலிலேயே நின்றது. கண்ணாடி ரப்பர் வழியாக மழை உள்ளே இறங்கியது. கீழே வடிய ஒரு துளையும் இல்லை. ஏசுதாசன் வேலை சுத்தம், ஒரு சொட்டு வெளியே போகவில்லை. சீட்டு மட்டத்துக்குத் தண்ணீர் நின்று, அதில் தவளை குடியேறி, ராத்திரியெல்லாம் எங்கள் வாசலில் காருக்குள்ளிருந்து கத்தியது. வாளி வைத்து இறைத்தோம். கம்பெனியில் ஜெனரல் மேனேஜராக இருக்கும் தங்களுடைய அக்காளும் நானும், கிளப்புக்குப் போகப்போகிற காரிலிருந்து தவளையைப் பிடித்து வெளியே விட்ட காட்சியைத் தாங்கள் கட்டாயம் பார்த்திருக்கவேண்டும்.

ஆக, இன்றைய நிலவரம் இது. கதவு திறக்கவில்லை. ஏசுதாசன் வந்து பார்த்துவிட்டு, கிளாம்பைக் கழற்றிய என் கையைக் கும்பிட்டு, இனி இந்தக் காரைத் தொடமாட்டேன் என்று போய்விட்டார். அப்சல் போனையே எடுப்பதில்லை. இங்கே வேறு யாருக்கும் இந்த வேலை தெரியாது. லாரி அனுப்பிப் பிரயோஜனம் இல்லை, இந்த நிலையில் ஏற்றினால் தூணே பிய்ந்துவிடும். காருக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து நின்று பார்த்துத்தான் முடிவு சொல்லவேண்டும். எப்போது வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதவும்.

தங்கள் பதவியும் மீட்டிங்குகளும் மேலும் மேலும் பெருகவும், அங்கே குழந்தைகள் நோய்நொடியில்லாமல் இருக்கவும் வீரபாண்டி மாரியம்மன் துணை செய்யட்டும். தங்கள் வீட்டம்மாவிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல்லவும். நாங்கள் யார் என்று கேட்டால் அதையும் சொல்லவும்.

இப்படிக்கு,
சு. சுருளிவேல்

பின்குறிப்பு: பவுனு குழாயடிக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை, இதுவரை நீங்கள் தாங்கள் என்று எழுதியது கோபத்தில். மேலே எழுதியதில் தவளைவரைக்கும் எல்லாம் நிஜம். அதற்கடுத்து இன்றைய நிலவரம் என்று எழுதியது மட்டும் பொய். ஆவணி பிறந்ததும் ஏசுதாசன் சங்கதியைக் கேள்விப்பட்டுக் கூப்பிடாமலே வந்தார். கோணலாய் ஒட்டியதை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினார், துளைகளையும் திறந்துவிட்டார். இந்தத் தடவை யாரும் தொட்டுவிடக்கூடாதென்று உன் அக்காள் காரைச் சுற்றி வேப்பிலை கட்டிவிட்டாள். வீட்டில் அம்மை போட்டிருக்கிறதென்று நினைத்துத் தபால்காரர்கூட வாசலுக்கு வரவில்லை. இப்போது ஒரு விரலால் தள்ளினால் கதவு சாத்துகிறது. இதை மறைத்து எழுதச் சொன்னது அவள்தான். "சரியாயிருச்சுன்னு எழுதுனா லாரி வரும். ஆகலைன்னு எழுதுங்க, கோவத்துலயாச்சும் வருவான்" என்றாள். நானும் எழுதிவிட்டேன். ஆனால் நீ வந்து, கதவைத் திறந்து பார்த்து, ஏமாற்றிவிட்டோம் என்று அந்தக் கோபத்திலேயே திரும்பிப் போய்விட்டால் அவள் தாங்கமாட்டாள். அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேண்டுமானால் லாரியே அனுப்பு, கார் தயாராகத்தான் இருக்கிறது. அந்த டிரைவருக்கு அவள் இலை போட்டுச் சோறு வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி எப்படி இருக்கிறான், மெலிந்துவிட்டானா என்று கேட்பாள். அந்த ஆள் உன்னைப் பார்த்தே இருக்கமாட்டான்.