கிடா பெயிலாக்கிய வேலிகள்

வேலி போடுவதற்கு முன்னால் ஒரு கிடாவின் அபிப்பிராயத்தைக் கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் டெஸ்ட் அண்ணாச்சி. மறுப்பவர்கள் தங்கள் ஊர்க் கிடாவோடு வந்து என்னிடம் பேசலாம்.

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்கு எதிர்மாடியில் வாடகைக்கு இருந்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் முதலில் மலை. அதன்மேல் உலர்த்தப் போட்ட வேட்டி மாதிரி ஒரு மேகம். அதற்கும் கீழே, எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும் அண்ணாச்சி.

அவருக்கு நூல் மில்லில், டெஸ்டிங் ரூமில் வேலை. நூலை அறுகிற வரைக்கும் இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று பார்க்க வேண்டும். அந்த வேலை விரலிலிருந்து கிளம்பி மூளை வரை ஏறிவிட்டது. அறுந்த பிறகுதான் ஒரு பொருளின்மேல் அவருக்கு நம்பிக்கையே வரும். புதுக் குடையை ஆடிக் காற்றில் பிடித்துப் பார்த்தார். குடை அன்றே காலமானது. நாற்காலி வாங்கப் போனால் கடையிலேயே ஏறிக் குதிப்பார். "தாலிக்கயித்தையே ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத்தான் கட்டுனாரு" என்பார் அவர் மனைவி கோதை மதினி.

மதினிக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தன் கையால் வளர்த்த பூவைக் கட்டி, ஆடிப்பூரத்தன்று ஆண்டாளுக்கு ஒரு மாலை கொடுக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். வீட்டை ஒட்டிக் காலிமனையும் இருந்தது. ஆனால் பிச்சியும் துளசியும் நந்தியாவட்டையும் அடுப்படிப் பக்கம் தகர டின்களில் பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி காத்து நின்றன. கேட்டால் அண்ணாச்சி ஒரே பதில் வைத்திருந்தார்: "ஏட்டி, மொத வேலி. பொறவு செடி."

அந்தத் தெருவில் வேலி என்றால், கறிக்கடை பாயின் கிடாவுக்கு எதிராகத்தான். கறுப்பு முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு போட்ட கன்னி ரக ஆட்டுக் கிடா. அவன் மேயாத முருங்கை எங்கள் பக்கம் கிடையாது.

"பாய், ஒங்க கிடாவக் கொஞ்ச நாளைக்குக் குடுங்க. அவன் நுழைய முடியாத வேலிதான் வேலி."

"தாராளமா வச்சுக்கோங்க அண்ணாச்சி. பரீட்சை முடிஞ்சதும் சொல்லுங்க, நேரா கடைக்கு ஓட்டிட்டுப் போயிருதேன்."

அந்தக் கடைசி வார்த்தைகளை அண்ணாச்சி அப்போது காதில் வாங்கவில்லை.

முதலில் கிளுவை வேலி. கூமாப்பட்டியிலிருந்து வண்டி நிறையக் குச்சி வந்தது. நட்டதெல்லாம் துளிர்த்து, பச்சைச் சேலை கட்டி நின்றது. கிடா உள்ளே நுழையவில்லை. வேலியையே தின்று முடித்தான். "இது வேலியா, கல்யாணப் பந்தியா?" என்றார் பாய்.

அடுத்து, கருவேல முள்ளை அடைத்து, இடித்த ஜின்னிங் பாக்டரி ஒன்றிலிருந்து இரும்புக் கேட்டு கொண்டுவந்தார். லாரி போகிற கேட்டு. பக்கத்தில் வீடு, கேட்டுக்குக் காவலாள் குடிசை மாதிரி ஒடுங்கிவிட்டது. கிடா முன்னங்காலை மடக்கி, சந்நிதிக்குள் குனிந்து போகிற பக்தனைப் போல அதன் அடியில் போய்விட்டான். தெரு சிரித்தது. அதிகம் சிரித்தவர் தெருக்கோடி வீட்டுக்காரர். அவர் மதில்மேல் கண்ணாடிச் சில் பதித்திருந்தார். உள்ளே திருடுவதற்கு ஒரு செம்பருத்திகூடக் கிடையாது.

மூன்றாவது, கல்தூணும் முள்கம்பியும், அளவான புதுக் கேட்டும். கிடா சுற்றிச் சுற்றி வந்து தோற்று நின்றான். மத்தியானம், தெரு அயர்ந்த நேரம். மாடியிலிருந்து பார்க்கிறேன்: அண்ணாச்சி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, கீழ்க்கம்பியை மிதித்து, மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்கிறார்.

"ஏலே, வா. வெரசா வா. முதுகு ஒரசாம வா."

சாயங்காலம் பாயிடம் உதட்டைப் பிதுக்கினார். "பெயிலு பாய். கம்பி சரியில்ல." மில்லில் ஒரு இழைக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர்! பாஸ் என்று சொன்னால் கிடா கறிக்கடைக்குப் போய்விடும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருந்தது.

மதினிக்கோ பொறுமை போய்விட்டது. "எல்லாத்தையும் அறுகுற மட்டும் இழுக்கீங்களே, நானும் நூலுன்னு நெனச்சீங்களா? இந்த ஆடிக்குச் செடி மண்ணுல எறங்கல, நான் பஸ் ஏறிருவேன்." சொன்னதோடு நிற்கவில்லை, தானே வெல்டரைக் கூட்டிவந்து, ஆளுயரத்துக்குக் கம்பிவலை அடித்து, கேட்டுக்குக் கெட்டியான கொண்டித் தாழ்ப்பாளும் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. தெருவே கூடியது. கிடா முட்டினான், மடங்கினான், ஏறிப் பார்த்தான். கடைசியில் கேட்டின் முன்னால் படுத்து அசைபோட ஆரம்பித்தான்.

"பாஸு அண்ணாச்சி!" பாய் கயிற்றோடு வந்தார். "ஓட்டிட்டுப் போகட்டா?"

அண்ணாச்சி கொண்டியைப் பிடித்து இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். ஒரு பொருள் உடையவில்லையே என்று அவர் முகம் செத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

நடுவதற்காகப் பிச்சி டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த மதினி, புருஷன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். டின்னைக் கீழே வைத்தார். கொண்டியைத் தூக்கினார். கிடா எழுந்து, மாமியார் வீட்டுக்குள் போகிற மாப்பிள்ளையாக உள்ளே நடந்தான். போகிற போக்கில் பிச்சியிலும் ஒரு வாய்.

"பெயிலு பாய்," என்றார் மதினி. "கொண்டி தானா தொறந்துக்கிருச்சு."

"ஏம்மா, கண்ணு முன்னாடி நீங்கதான தொறந்தீங்க!"

"நானா? ஏங்க, நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கலயே," என்றார் அண்ணாச்சி. நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பாய் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார். "நீங்களே வச்சுக்கோங்க. ஒங்க வேலியெல்லாம் தின்னு இவன் ஒடம்பு பூரா முள்ளு. இந்தக் கறிய எவன் வாங்குவான்?"

அதோடு தோட்டம் மொட்டைமாடிக்குப் போனது. ஊரிலேயே உறுதியான வேலிக்குள் கிடா ஜமீன்தாராக நடமாடினான். அடுத்த ஆடிப்பூரத்துக்கு மாடிப் பிச்சியில் ஒரு மாலை தேறியது. சின்ன மாலைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நானும் கூடப் போனேன். அண்ணாச்சி அதை மடியில் வைத்து, இரண்டு நுனியையும் விரலில் பிடித்திருந்தார். இப்போது இழுப்பார், இதோ இழுப்பார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

கோயில் வரும் வரை அவர் இழுக்கவே இல்லை.