அடுப்பு மூட்டாமல் வைத்த டோஃபு

டுசல்டோர்ஃப்
25.07.2006

பெருமதிப்புக்குரிய அக்கா கமலநாயகி அவர்களுக்கு,

தம்பி செல்வரட்ணம் பணிவோடு எழுதிக்கொள்வது. முருகன் கிருபையால் இங்கே வெயிலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். ஸ்டுட்கார்ட்டில் உங்கள் முழங்காலும் அத்தானின் சீனி வருத்தமும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் "யப்பான்" என்ற சொல் என் வாயில் வந்த உடனே நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது, கிழிக்கத்தான் ஏலும். கிழிக்கிறதென்றாலும் முழுக்க வாசித்துவிட்டுக் கிழியுங்கோ.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தர்மிகா விரும்புகிற அந்த யூஜி என்ற பெடியனும் அவனுடைய தாயார் மொரிதா அம்மாவும் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது உண்மை. ஆனால் ஆடி மாதத்தில் கல்யாணம் பேசுகிற ஆள் நானில்லை. டோஃபு சாப்பிட்டோம், அவ்வளவுதான். "அந்தச் சம்பந்தம் நடந்தால் நான் வரமாட்டன்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

டோஃபு என்றால் சோயாப் பாலை உறையவைத்துச் செய்கிற வெள்ளைக் கட்டி. பெட்டிக்குள் தண்ணீரில் கிடக்கும், தொட்டால் நடுங்கும். இந்த வெக்கைக்கு யப்பான்காரர் அதைக் குளிரவைத்து அப்படியே சாப்பிடுவார்களாம். தர்மிகா மூன்று பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்பா, ஒண்டும் செய்யாதேங்கோ. தண்ணியை வடியவிட்டு, பிரிட்ஜில வைச்சு, இஞ்சியும் வெங்காயத் தாளும் தூவி, சோயா சோஸ் விட்டாச் சரி" என்றாள். "எப்ப அடுப்பில வைக்கிறது?" என்று கேட்டேன். "அடுப்பே வேண்டாம் அப்பா" என்றாள். விருந்தாளி வாற நாளில் அடுப்பு மூட்டாமல் விடுகிறதோ? அது செத்த வீட்டு வழக்கமல்லோ! நீங்களே சொல்லுங்கோ அக்கா, பிள்ளையின் காரியமாய் முதன்முதல் வாசலுக்கு வருகிற மனுசிக்கு அடுப்புக் காணாத சாப்பாட்டை நான் எப்படி வைக்கிறது?

அதோடு, இத்தாலிக்காரன் கடையில் இவ்வளவு வருசம் குசினியில் நிற்கிற எனக்கு டோஃபு ஒரு பெரிய வித்தையோ என்ற திமிரும் இருந்தது, மறைக்கவில்லை. குளிர்தானே வேணும் என்று சனி இரவே ஒரு பெட்டியைப் பனிப்பெட்டிக்குள் போட்டேன். காலையில் செங்கல்லாய்க் கிடந்தது. சுடுதண்ணீரில் விட்டு இளக்கினால் ஓட்டை ஓட்டையாய், பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்ச் மாதிரி வந்தது. சரி போகட்டும் என்று இரண்டாவதை எடுத்து, அடுப்புக்கும் மரியாதை செய்வோம் என்று கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தாளித்து மேலே ஊற்றினேன். ஊற்றின வேகத்தில் கட்டி உடைந்து, எண்ணெயில் மிதந்து, பார்க்கச் சகிக்காமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடையும் திறவாது. மிஞ்சினது ஒரே ஒரு பெட்டி. அந்த நேரம் பார்த்து, அவர்களைக் கூட்டிவரப் போன தர்மிகா ரெயில் நிலையத்திலிருந்து போன் எடுத்து, "மேலே தூவுற மீன் சீவல் பாக்கெற்றை மறந்திடாதேங்கோ" என்கிறாள். அதைப் பெட்டிக்குள் அடைக்கிற மரச்சீவல் என்று நினைத்து நான் காலையிலேயே குப்பையில் கொட்டிவிட்டேன் அக்கா!

அப்போதுதான் அலுமாரியில் நீங்கள் கொழும்புக்குப் போய் வரும்போது கொண்டுவந்து தந்த மாசிக் கருவாடு கண்ணில் பட்டது. சைவமாய் மாறின பிறகும் தம்பிக்கு என்று சுமந்து வந்தீர்களே, அதே மாசி. இடித்துப் பொடியாக்கி வைத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மொரிதா அம்மா சிறு உருவம், நல்ல மரியாதை. ஜெர்மன்காரரின் பாஷையில் அவவின் டொச்சும் என் டொச்சும் ஒரே நிறை. நான் கட்டியைப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாமல் அந்தரப்படுகிறதைப் பார்த்துவிட்டு நேரே குசினிக்குள் வந்தா. டோஃபுவைத் தூக்கி இடது உள்ளங்கையில் வைத்தா, வலது கையில் கத்தியை எடுத்தா, உள்ளங்கையில் வைத்தே வெட்டத் தொடங்கினா! நான் "ஐயோ கை!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து அவவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். யப்பானில் எல்லோரும் அப்படித்தான் வெட்டுவார்கள் என்று எனக்கு ஆர் சொன்னது? முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து உங்கள் மச்சாள், என் மனுசி, உள்ளே வந்து நின்றது அந்த நேரம்தான்.

"என்னப்பா நடக்குது இஞ்ச?" என்றாள்.

"டோஃபு" என்றேன். வேறென்ன சொல்ல?

மொரிதா அம்மா சிரித்த சிரிப்பில் கட்டி இன்னும் நடுங்கியது. பிறகு எல்லோரும் இருந்து சாப்பிட்டோம். மாசியை வாயில் வைத்ததும் அவ நிமிர்ந்து, "இது எங்கள் வீட்டு மணம். எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டா. "வாங்கவில்லை, என் அக்கா தந்தவ" என்றேன். கண் கலங்கிப்போச்சு அக்கா, எனக்குத்தான். கடைசியில் அடுப்பில் தேத்தண்ணி வைத்து வழக்கத்தையும் காப்பாற்றினேன்.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் உங்கள் பிடியில் நில்லுங்கோ, நான் கெஞ்சமாட்டேன். அத்தானுக்கு என் அன்பு. உங்கள் ஆசீர்வாதம் எங்கள் வீட்டுக்கு என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள தம்பி
செல்வரட்ணம்

பி.கு.: அக்கா, மேலே வாக்குக் கொடுக்கவில்லை என்று எழுதினது பொய். ஆவணியில் நாள் வைத்தாச்சு. எங்கட கல்யாண முறையைச் சொன்னபோது, ஆலாத்தி எடுக்கிறது ஆரென்று மொரிதா அம்மா கேட்க, "என் அக்கா" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வயதில் தர்மிகா இந்த நாட்டில் வந்து இறங்கினபோது முதலில் தூக்கினது நீங்கள்தானே, வேறு ஆரைச் சொல்ல? நீங்கள் சைவம் என்றும் சொன்னேன். அன்றிலிருந்து அவ மீன் போடாமல் டோஃபு செய்து பார்க்கிறாவாம், கல்யாண வீட்டில் உங்களுக்கென்று ஒரு தட்டுத் தனியாக வைக்க. தட்டு வைத்த பிறகு வராமல் விடுகிற வழக்கம் எங்கட வீட்டில் இல்லை, என்ன அக்கா?