பக்வீட் தானியம் அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும்

வெள்ளவத்தை,
புதன்கிழமை, கந்தசஷ்டிப் பாறணைக்கு மறுநாள்.

கொட்டாஞ்சேனையில் சகல சௌபாக்கியங்களுடனும் வீற்றிருக்கும் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் நாகேந்திரம் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் தேக சுகத்துடன் இருக்க முருகனை வேண்டியிருப்பேன். ஆனால் அவருக்கும் எனக்கும் தற்போது பேச்சுவார்த்தை இல்லாதபடியால் பிள்ளையாரை வேண்டியிருக்கிறேன்.

ஒரு பஸ் ஏறினால் வந்து சேரக்கூடிய இடத்துக்கு இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று அக்கா கேட்பா. போனில் கதைப்பதென்றால் உங்கள் காதுக்கு நான் கத்த வேண்டும், கத்தினால் கௌரிக்கு மட்டுமல்ல, இந்த பிளாட்டின் ஐந்து மாடிக்கும் கேட்கும். நேரில் வரலாம்தான், ஆனால் உங்கள் முகத்தைக் கண்டால் மரியாதையை மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக எனக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். என் வாய்ச்சொல் இந்த வீட்டில் இப்போது செல்லாது.

அத்தான், வைகாசியில் நீங்கள் நேபாளத்துக்கு யாத்திரை போய் வந்தீர்கள். முக்திநாத்துக்குப் போகிற மற்ற ஆக்கள் ஒரு சாளக்கிராமம் கொண்டு வருவினம், ஆகக் குறைந்தது ஓர் உருத்திராட்சமாவது கொண்டு வருவினம். நீங்கள் இரண்டு கிலோ மா கொண்டு வந்தீர்கள். கொண்டு வந்து எங்கள் ஹோலில், காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து, தாவரவியல் படிப்பித்த காலம் இன்னும் முடியவில்லை என்ற நினைப்பில் ஒன்றரை மணித்தியாலம் பாடம் எடுத்தீர்கள். இதற்குப் பெயர் பக்வீட், ரஷ்யாவில் இதை அவித்து வெண்ணெய் போட்டுச் சாப்பிடுகினம், யப்பானில் நூடில்ஸாக்கி வருஷக் கடைசி நாளில் ஆயுள் நீளட்டும் என்று உறிஞ்சுகினம், பிரான்சின் மேற்குப் பக்கத்தில் தோசை மாதிரிச் சுட்டு முட்டை ஊத்துகினம், இமயமலையில் களி கிண்டுகினம், புரதம் இருக்கு, மக்னீசியம் இருக்கு என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக, எழும்பிச் செருப்பைப் போடுகிற நேரத்தில், அந்த ஒரு வசனத்தையும் சொன்னீர்கள். "இது புல் இனமே இல்லை நாகேந்திரம், ஒரு பூஞ்செடியின்ர விதை. தானியமே இல்லை. அதாலதான் வட இந்தியாவில விரதத்துக்கும் இதிலை ரொட்டி சுடுகினம்." அந்த வசனத்தைச் சொல்லாமலே செருப்பைப் போட்டிருக்கக் கூடாதா, அத்தான்?

எங்கள் மகள் உஷாந்திக்குக் கலியாணம் முடிந்து ஒன்பது வருஷம். மெல்பேர்ன் ஆஸ்பத்திரியில் மூன்றாம் தரமும் கரு வைத்திருக்கினம் என்பது உங்களுக்குத் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுவினம். கௌரி இருபத்திரண்டு வருஷமாகக் கந்தசஷ்டி பிடிக்கிறவ. இந்த வருஷம் என்னையும் பிடிக்கச் சொன்னா. தாயும் தகப்பனும் சேர்ந்து பிடித்தால் முருகன் கண் திறப்பார் என்று கோயிலில் யாரோ சொல்லியிருக்கினம். நானும் ஓம் என்றேன். பிள்ளைக்காகத்தானே? அறுபத்தெட்டு வயதில் என் முதல் விரதம். ஆறு நாளும் பின்னேரப் பூசை முடிய ஒரு தம்ளர் பால், ஒரு கதலிப்பழம். அவ்வளவுதான்.

முதலாம் நாள் நன்றாகத்தான் போனது. இரண்டாம் நாள் தலையிடி. மூன்றாம் நாள் கீழ் வீட்டில் யாரோ கோழி பொரித்தார்கள், நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தேவாரம் படித்தேன், தேவாரத்திலும் கோழிக்கொடி வந்துவிடுமோ என்று பயந்து பயந்து படித்தேன். நாலாம் நாள், சனிக்கிழமை, கௌரி கோயிலுக்குப் போன பிறகு அடுப்படியில் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மணந்து பார்த்தேன். அப்போதுதான் அலுமாரியின் மேல்தட்டில் உங்கள் மா கண்ணில் பட்டது. தானியம் இல்லை என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் குரலிலேயே கேட்டது.

முதலில் பிட்டு அவிக்கப் பார்த்தேன். சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தால் அரிசிமா உதிரும், உங்கள் மா உதிராது. கையைப் பிடித்தது, விடவில்லை. ஒரு கையை விடுவிக்க மற்றக் கையைக் கொண்டுபோனேன், அதையும் பிடித்துக்கொண்டது. உள்ளே தள்ளிய மட்டும் பிட்டுக்குழலை அடைத்தது, இன்றைக்கும் அந்தக் குழல் அடைத்தபடியேதான் இருக்கிறது, கௌரியின் தாய் சீதனத்தோடு கொடுத்த குழல். சரி, ரொட்டியாகத் தட்டுவோம் என்று தாச்சியில் போட்டால் கரும்புகை. எதிர் வீட்டு றஷ்மி ஓடி வந்து கதவைத் தட்டி, "அங்கிள், கேஸ் லீக்கோ?" என்று கத்துகிறா. நான் உள்ளே நின்று "இல்லை பிள்ளை, சாம்பிராணி" என்கிறேன். அவ போகவில்லை, லிப்டால் இறங்கி வந்த கௌரியைக் கண்டு, "ஆன்ரி, அங்கிள் உள்ள சாம்பிராணியில எரியுறார்" என்று சொல்லியிருக்கிறா. கௌரி கதவைத் திறந்தபோது நான் அடுப்படியில், நெற்றி முழுக்க வீபூதி, வாய் முழுக்க ரொட்டி. ஒன்றே ஒன்றுதான், அத்தான். அதுவும் சின்னன்.

கௌரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன். கோயிலில் இருந்து கொண்டு வந்த பூவைச் சாமித்தட்டில் வைத்துவிட்டுக் கேட்டா: "பிள்ளைக்காக ஆறு நாள் வயித்தைக் கட்ட ஏலாதோ உங்களுக்கு?"

நான் உங்கள் பாடத்தை முழுதாக ஒப்பித்தேன். புல் இனமில்லை என்றேன், பூஞ்செடியின் விதை என்றேன், மக்னீசியம் என்றேன். ரஷ்யாவில் கோடிக்கணக்கான சனம் சாப்பிடுது கௌரி என்றேன். "ரஷ்யாக்காரன் கந்தசஷ்டி பிடிக்கிறவனோ?" என்று கேட்டா. யப்பானைச் சொல்லத் தொடங்கினேன், கையைக் காட்டி நிறுத்திப் போட்டா. அதோடு என்னோடு கதைக்கிறதில்லை. சோறு போடுகிறா, கதைக்கிறதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரில் இருக்கிற முருகன் படத்துக்குச் சொல்கிறா. "முருகா, தண்ணி மோட்டரை நிப்பாட்டச் சொல்லு" என்றால் நான் போய் நிறுத்துகிறேன்.

சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். கோயில் ஐயரிடம் ஒரு பிடி மாவைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "அரிசி கூடாது, கோதுமை கூடாது, உழுந்து கூடாது. இது சாஸ்திரத்தில வரேல்லை, காசியில ஆரையும் கேளுங்கோ" என்றார். வரும் வழியில் பலசரக்குக் கடை முதலாளியிடம் நீட்டினேன். "மேக மொகக்த, மஹத்தயா?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அதில் துளியை எடுத்துத் தண்ணீரில் குழைத்து எலி அரித்த பெட்டியின் ஓட்டையை அடைத்தார். நன்றாக அடைபட்டது. நேபாளத்துக்கு வெளியே அந்த மாவால் நடந்த ஒரே நன்மை அதுதான்.

ஆக, அத்தான், எனக்கு ஒரு வழிதான் மிச்சம். இருபத்தேழு வருஷம் தாவரவியல் படிப்பித்தவர் நீங்கள். உங்கள் பெயர், பட்டம் எல்லாம் போட்டு, "பக்வீட் தானியம் அல்ல, அதை உண்டதால் நாகேந்திரத்தின் விரதம் முறியவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு உடனே அனுப்பவும். வெள்ளிக்கிழமைக்கு முதல் கௌரி அதைப் பார்க்க வேண்டும். ஏதாவது பிழைத்தால், அந்த ரொட்டிதான் காரணம் என்று அவ சாகும் மட்டும் நினைப்பா. நானும் நினைப்பேன் அத்தான். இப்பவே நினைக்கிறேன். ராத்திரியில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை. விரதம் முடிந்த பிறகுதான் நான் உண்மையாக விரதம் இருக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் நோ குறையவும், காது கேட்கவும், இனி எந்த யாத்திரைக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்பவும் எல்லாம் வல்ல பிள்ளையார் அருள் புரிவாராக.

இப்படிக்கு,
உங்கள் மீது இன்னும் மரியாதை வைத்திருக்கும்
நாகேந்திரம்

பி.கு. (வெள்ளி பின்னேரம்): முத்திரை வாங்கி ஒட்டுவதற்கிடையில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. உஷாந்தி போன் எடுத்தவள். சரிவரவில்லை, அத்தான்.

கௌரி போனை ஸ்பீக்கரில் போட்டா. பிள்ளை ஒன்றையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதாள். "என்ர உடம்பிலதான் பிழை அம்மா. எல்லாம் என்னாலதான்." எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. போனைப் பறித்து, "உன்னில ஒரு பிழையும் இல்லை மேள். பிழை அப்பாவில. நாலாம் நாள் கொட்டாஞ்சேனை மாமான்ர மாவில ரொட்டி சுட்டுச் சாப்பிட்டு விரதத்தை முறிச்சுப் போட்டன்" என்று சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு, "எத்தினை ரொட்டி அப்பா?" என்று கேட்டாள். "மூண்டரை. அம்மா வந்திட்டா, இல்லாட்டி நாலு" என்றேன். பிள்ளை சிரிச்சாள், அத்தான். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சிரிச்சாள். கௌரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, எல்லாம் இந்த மனுசனாலதான்" என்றா. ஆறு நாளைக்குப் பிறகு என்னைப் பற்றி முருகனிடம் சொல்லாமல் மனிசரிடம் சொன்ன முதல் கதை அது.

ஆகையால் மேலே கேட்ட கடிதம் வேண்டாம். பக்வீட் தானியமேதான், தின்றால் விரதம் முறியும் என்று எழுதி அனுப்பவும். இரண்டு பிரதி வேண்டும், ஒன்று கௌரிக்கு, ஒன்று மெல்பேர்னுக்கு. பொய்க்குக் கையெழுத்து வைப்பதா என்று யோசிக்க வேண்டாம். சுங்கத் தீர்வைப் புத்தகத்தில், பத்தாம் அத்தியாயத்தில், தானியங்கள் என்ற தலைப்பின் கீழ் பக்வீட் என்று அச்சிலேயே இருக்கிறது. கப்பல் கம்பனியில் முப்பத்தொரு வருஷம் சுங்கப் பத்திரம் நிரப்பியவன் நான். தாச்சியை அடுப்பில் வைக்கும்போதே எனக்கு அது தெரியும்.