விருத்தாம்பாளின் எண்ணற்ற மூலைக்கல்

வெள்ளாற்றில் வந்த வெள்ளம், சேத்தியாத்தோப்புப் பக்கம் விருத்தாம்பாளின் வயல் மூலைக்கல்லை அடித்துக்கொண்டு போய்விட்டது. கல் இல்லாத வயலுக்கு மோட்டார் கனெக்‌ஷன் கிடையாது. நட்ட நெல் தண்ணீரின்றி வாட, அவள் சிதம்பரத்தில் புதிதாகத் திறந்த எல்லைத் தீர்வுப் பிரிவுக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே அளவுச் சங்கிலியை ஒழித்துவிட்டு, பத்தாம் வகுப்புக் கணக்கை அரியணையில் ஏற்றியிருந்தார்கள். வரப்புக்கு ஒரு சமன்பாடு. இரண்டு வரப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கல். ஆனால் தெற்கு வடக்காக ஓடும் வரப்பையும் யாரோ கிழக்கு மேற்கு என்றே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள்.

“இணைகோடும்மா, சேராது. தீர்வு இல்லை” என்றார் அதிகாரி ஸ்ரீதர்.

“சேருற எடத்துலதான் சார் தெனம் குந்திக் கஞ்சி குடிக்கிறேன்.”

“வயல்ல சேரும்மா. பதிவேட்டுல சேரலையே. கடலூர் போய்த் திருத்திக்கிட்டு வாங்க.”

மூன்று வாரம் நடையாய் நடந்தாள். கடலூரில் திருத்தத்தான் செய்தார்கள். தப்பான வரப்பை அழித்துவிட்டு, சரியான வரப்பையே இரண்டாம் தடவையும் ஏற்றினார்கள்.

ஸ்ரீதர் எழுந்து நின்றார். “வாழ்த்துகள்மா! ரெண்டும் ஒரே கோடு. எண்ணற்ற தீர்வுகள்! மாவட்டத்துலயே ஒங்களுக்குத்தான் ஜாஸ்தி.”

“எனக்கு ஒரு கல்லு போதும் சார்.”

“கோட்டுல எங்க வேணா நடுங்க. எல்லாமே சரி.”

“கோடு எதுவரைக்கும் போவுது?”

“நேர்கோட்டுக்கு ஏதும்மா முடிவு? நம்ம ஆபீஸ் தாழ்வாரம் வழியா கடலுக்கே போவுது.”

விருத்தாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே ஒரு கல்லைக் கொண்டுவந்து அந்தத் தாழ்வாரத்தில் நட்டாள். ஸ்ரீதர் கோபப்படவில்லை. அந்த இடத்தைச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்த்தார். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம். ‘மூலைக்கல் விதிப்படி உள்ளது’ என்று முத்திரை குத்தினார்.

மின்சாரக்காரர்களும் விதிப்படி கல்லருகே கம்பம் நட்டு, விவசாயத்துக்கான இலவசக் கரண்ட்டைக் கொடுத்தார்கள். ஆபீஸ் ஃபேன்கள் அதில் ஓடத் தொடங்கின. நெல் கருகியது.

வயிறெரிய, கனெக்‌ஷனை ரத்து செய்யச் சொல்லி மறுபடி போனாள். தாழ்வாரத்தில் ஊரே வரிசையாக நின்றது, ஆளுக்கொரு கல்லோடு. முதலில் நின்றவன் பக்கத்து வயல் கொளஞ்சியப்பன்.

“ஒனக்கு மட்டும் எண்ணற்றது, எங்களுக்கு ஒண்ணே ஒண்ணா? இது என்னா நியாயம் அக்கா?”

பதில் சொல்ல வாயெடுத்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. ஃபேனுக்கு நேர்கீழே ஒரு நாற்காலி காலியானது. தன் கரண்ட்தானே என்று போய் உட்கார்ந்துகொண்டாள்.