சிவப்புப் புள்ளிக்குள் எத்தனை கடை?

குண்டுச் சாமியைப் பார்க்கக் காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். சக்தி அப்படி! ஊரின் வரைபடத்தை மேசையில் விரிப்பார். கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சிவப்பு மையில் தோய்த்து மேலே ஆட்டுவார். குண்டு 'தொப்'பென்று இறங்கும் இடம் பீடை பிடித்த இடம். அங்கே இருப்பவர் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். காலியான இடத்தைப் பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளும் தியாகி, சாமியின் மச்சான். பீடை அவரை மட்டும் ஒன்றும் செய்யாது. அவ்வளவு நல்ல மனசு!

இந்த வாரம் குண்டு தையல்கடை அக்காவின் தலையில் இறங்கியது. பதினோரு வருஷக் கடை. அக்கா அழுதுகொண்டே தையல் மிஷினைக் கழற்றினாள். நில அளவை அலுவலகத்தில் படம் வரையும் தங்கைக்கு வயிறு எரிந்தது.

"உன் கடைதான்னு எப்படிக்கா தெரியும்?"

"மை சரியா நம்ம தெரு மேலதான்டி பட்டுச்சு!"

தங்கை நேரே சாமியிடம் போனாள்.

"சாமி, இந்தப் புள்ளி எவ்வளவு அகலம்?"

"புள்ளிக்கு ஏதும்மா அகலம்?"

"நாலு மில்லிமீட்டர்," அளந்து சொன்னாள். "படத்தோட மூலையில என்ன எழுதியிருக்கு?"

வரிசையில் நின்ற கண்ணாடிக்காரர் குனிந்தார். "ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்நூறு மீட்டர்."

"அப்ப நாலு மில்லிமீட்டருக்கு?"

கூட்டம் விரல் மடக்கியது. "இருநூறு மீட்டர்!" என்றார் பஸ் கண்டக்டர். சாமி கண்ணை மூடிக்கொண்டார். கணக்கு அவருக்கு ஆகாது.

தங்கை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த அதே பகுதியின் பெரிய படத்தை விரித்தாள். இதில் ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்தே மீட்டர். பென்சிலில் நூல் கட்டி, நாற்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டம் போட்டாள். சாமியின் புள்ளி அத்தனை பெரிசு! உள்ளே தையல்கடை இருந்தது. தபால் நிலையமும் நூற்றுப்பத்து வீடுகளும் இருந்தன. ஓரத்தில் ஒரு புது மாடி வீடும் இருந்தது.

"இது யாரு வீடு?"

"நம்ம சாமி வீடு!"

"எப்ப சாமி காலி பண்றீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமி சமாளித்தார். "பீடை நட்ட நடுவுலதாம்மா இருக்கு!"

"சரி, கண்ணைக் கட்டிக்கிட்டு இந்தப் படத்துல இறக்குங்க. அதே இடத்துல விழட்டும்."

முதல் முறை குண்டு பூங்காக் குளத்தில் விழுந்தது. இரண்டாம் முறை மச்சான் வீட்டில்.

"அத்தான்! என்ன காரியம் பண்றீங்க?" என்று அலறினார் ஓரமாய் நின்ற மச்சான்.

அன்று மதியமே அக்காவின் மிஷின் மறுபடி ஓடியது. தங்கைக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் கண்ணாடிக்காரர் விடவில்லை. பின்னாலேயே வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே, எங்க வீட்டுல பீடை இருக்கான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க!"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அளவுகோலை அவர் கையில் திணித்தாள்.

"கும்பிட்டது போதுங்க. இனிமே அளந்து பாருங்க!"